கொட்டகையில் நின்ற வண்டி

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு ரிவர்ஸ் என்று பெயர். சந்து எவ்வளவு இடுக்காக இருந்தாலும் சரி, இரண்டு பக்கமும் விரல் நுழையும் அளவுதான் இடம் இருந்தாலும் சரி, கண்ணாடியை மட்டும் பார்த்தே வண்டியைப் பின்னால் எடுத்து வந்துவிடுவார். எங்கேயாவது மாட்டிக்கொண்ட மற்ற டிரைவர்கள் அவருக்குத்தான் போன் போடுவார்கள். போய் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் தன் வண்டிக்குத் திரும்பியிருப்பார். முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக டாக்ஸி ஓட்டினார். பேச்சு குறைவு. பயணி கேட்டால் பதில், கேட்காவிட்டால் ரோடு.

அவர் மனைவி கார் சீட்டுக்கு உறை தைக்கிறவர். ஒர்க்‌ஷாப்புகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு ஷட்டர் கடை. உள்ளே பெரிய தையல் மெஷின், ரெக்சின் சுருள்கள், கழற்றிப் போட்ட சீட்டுகள். தெருவே அவரைச் சீட்டுக்காரம்மா என்றுதான் கூப்பிடும். புதிதாக வருகிறவர்கள் யாரோ சீட்டாட்டக் கிளப் நடத்துகிற அம்மா போலிருக்கிறது என்று ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஃபோம் அடுக்கி வைப்பதற்கு என்று வாடகைக்கு எடுத்தது.

அந்த வருஷம் புது விதி வந்தது. வயதான டீசல் வண்டிக்கு இனி டாக்ஸி பெர்மிட் கிடையாது, கரண்டில் ஓடும் வண்டி வைத்திருப்பவர்தான் ஸ்டாண்டில் நிற்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டாண்டில் பாதிப் பேர் அன்றோடு தொழிலைத் தலைமுழுகினார்கள். ஒருத்தர் மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். ஒருத்தர் பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். ரிவர்ஸுக்கு வேறு வேலை தெரியாது. தெரியாது என்பதைவிட, வேறு ஒன்றை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை என்று சொல்ல வேண்டும். பழைய வண்டியைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். காலையில் எழுந்ததும் பழக்கதோஷத்தில் சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தேடுவார். இல்லை என்று நினைவு வந்த பிறகு, அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே வைத்திருப்பார்.

இந்தக் கோலத்தை மனைவியின் தம்பி வந்து பார்த்தான். மச்சினன் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். விபத்தில் அடிபட்டு, இனி தேறாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவிய வண்டிகள் எல்லாம் வந்து சேரும் கிடங்கு அது. நல்லவன்தான். ஆனால் எதையும் பாதி தெரிந்துகொண்டு முழுதாகப் பேசுகிறவன். கிடங்கில் ஒரு மின்சாரக் கார் கிடக்கிறது, டிரைவர் பக்கம் மட்டும்தான் அடி, கதவை மாற்றினால் புது வண்டி என்று சொன்னான். ரிவர்ஸ் பிடி கொடுக்கவில்லை.

“மாமா, தரைக்கடியில இருக்கிற பெரிய பேட்டரிதான் இந்த வண்டிக்கு உசுரு. அதுல ஒரு கீறல் இல்ல. நான் படுத்துப் பாத்தேன்” என்றான் மச்சினன். அவன் கீழே படுத்துப் பார்த்தான் என்பதுதான் ரிவர்ஸை அசைத்தது. சட்டை அழுக்காக அவன் எதையும் செய்து அவர் பார்த்ததில்லை.

வண்டி வந்தது. இதே மாதிரி இன்னொரு உடைந்த வண்டியிலிருந்து கழற்றிய கதவைக் கிடங்கிலேயே மாட்டியிருந்தார்கள். வண்டி சாம்பல் நிறம், கதவு மட்டும் வெள்ளை. பிரேக் பூட்டிக்கொண்டு சக்கரம் சுற்ற மறுத்ததால், ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் கிடங்கின் உருளைப் பலகையை வைத்துத் தெருவே சேர்ந்து தள்ளியது. கொட்டகைக்குள் ஃபோமுக்கும் இடம் வேண்டுமே என்று, டிரைவர் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார்கள். சாவி என்று மச்சினன் கொடுத்தது ஓர் அட்டை. அதைக் கதவருகில் காட்டினால் உள்ளே அமுங்கியிருக்கும் கைப்பிடி தானாக வெளியே வர வேண்டுமாம். ரிவர்ஸ் காட்டினார். திருப்பிக் காட்டினார். துடைத்துக் காட்டினார். வண்டி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

“ஒண்ணுமில்ல மாமா. சின்ன பேட்டரி இறங்கியிருக்கும். சார்ஜ் போட்டாப் போதும்” என்றான் மச்சினன்.

அப்போதுதான் இந்த வண்டிக்கு இரண்டு பேட்டரி என்பதே ரிவர்ஸுக்குத் தெரியும். பெரியது தரைக்கு அடியில் மெத்தை மாதிரி விரிந்து கிடக்கிறது. அதுதான் சக்கரத்தைச் சுற்றுவது. சின்னது முன்பக்க மூடிக்கு அடியில் இருக்கிறது, செங்கல் அளவுதான். கதவைத் திறப்பது, விளக்கைப் போடுவது, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரை எழுப்புவது எல்லாம் சின்னதின் வேலை. அந்தக் கம்ப்யூட்டர் எழுந்து சொன்னால்தான் பெரிய பேட்டரியே வண்டியோடு இணையும். சின்னது படுத்துவிட்டால் பெரியதில் எவ்வளவு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தெருமுனையில் ஒரு பேட்டரிக்காரர் இருந்தார். லாரி பேட்டரிகளோடு காலம் தள்ளியவர். ஆசிட் பட்டுச் சட்டையெல்லாம் பொத்தலாக இருக்கும். கேட்டால் காற்றோட்டத்துக்கு என்பார். ரிவர்ஸைவிட சில வயது இளையவர். ரிவர்ஸ் அவரைக் கூட்டிவந்து வண்டியைக் காட்டினார். வண்டியைச் சுற்றி வந்த பேட்டரிக்காரர், இந்த ஜாதி வண்டியைத் தொட்டதில்லை, பார்க்கிறேன், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். போனில் யாரோ போட்டிருந்த வீடியோவைப் பார்த்து, முன் பம்பரில் ஒரு சின்ன மூடியைப் பெயர்த்து, உள்ளே சுருண்டு கிடந்த இரண்டு ஒயரை வெளியே இழுத்தார். ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றை அதில் தொட்டதும் முன்பக்க மூடி டக்கென்று விட்டுக்கொடுத்தது. ரிவர்ஸுக்கு அந்தச் சத்தமே போதும் போல இருந்தது.

பேட்டரிக்காரர் சின்ன பேட்டரியைக் கழற்றித் தன் கடைக்கு எடுத்துப்போய் மீட்டர் வைத்தார். முள் எழவே இல்லை.

“செத்துடுச்சா?” என்று கேட்டார் ரிவர்ஸ்.

“செத்திருந்தா நேரா சொல்லிடுவேண்ணே. இது கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருக்கு. தட்டினாலும் திறக்க மாட்டேங்குது.”

பழைய ஆசிட் பேட்டரி மாதிரி இல்லை இது. கைப்பேசியில் இருக்கிற வகை. சார்ஜ் ரொம்பக் கீழே போய்விட்டால், உள்ளே இருக்கும் சின்னப் பலகை ஒன்று தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். அப்புறம் சாதாரண சார்ஜரை எவ்வளவு நேரம் மாட்டினாலும் வாங்காது. அதற்குப் பதில் ஸ்கூட்டர் பேட்டரியையே வண்டியில் வைத்துப் பார்த்தார்கள். விளக்கு எரிந்தது. ஆனால் வண்டி தன் பேட்டரியோடு ஏதோ கேட்டுப் பதில் வாங்குமாம். பதில் வராததால் கொஞ்ச நேரத்தில் கோபித்துக்கொண்டு அணைந்துவிட்டது. எத்தனை முறை செய்தாலும் அப்படித்தான்.

புதிதாக வாங்கிவிடலாம் என்றால், அந்தப் பேட்டரி கடைகளில் கிடைப்பதில்லை. வண்டிக் கம்பெனியின் ஷோரூமில்தான் கேட்க வேண்டும். ரிவர்ஸ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கண்ணாடி அறைக்குள் ஒரு பெண் மரியாதையாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறியது. விபத்தில் முழுச் சேதம் என்று கழித்துவிட்ட வண்டிக்குப் பாகம் எதுவும் தரக் கூடாது என்பது விதி என்றார். சின்ன பேட்டரிதானே அம்மா என்று கேட்டுப் பார்த்தார் ரிவர்ஸ்.

“எங்க கணக்குல அப்படி ஒரு வண்டியே இப்ப இல்லைங்க சார்.”

“என் கொட்டகையில நிக்குதும்மா.”

அந்தப் பெண் மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவர் மேல் தப்பும் இல்லை. ரிவர்ஸ் மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

வேறு வழியில்லாமல் பேட்டரிக்காரர் அதைப் பிரித்தார். பிரிப்பது ஆபத்து, நெருப்புப் பிடித்தால் தண்ணீருக்குக்கூட அடங்காது என்று சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். உள்ளே நாலு செல். மூன்றில் கொஞ்சம் உயிர் இருந்தது. நாலாவது அநேகமாகக் காலி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, சொட்டு மருந்து விடுகிற மாதிரி, மெல்லிய கரண்டைக் கொடுத்தார். சூடேறுகிறதா என்று தொட்டுப் பார்ப்பது ரிவர்ஸின் வேலை. புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று செல்லும் மளமளவென்று ஏறிவிட்டன. நாலாவது ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பேட்டரிக்காரர் கடைக்கு வந்த லாரிக்காரர்களைக் கவனிக்கப் போய்விட்டுத் திரும்பி வருவார். ரிவர்ஸ் இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். இப்படி ஒரு வாரம் போயிற்று. கடைசியில் நாலாவதும் ஒரு அளவில் நின்றது.

“நிக்குது. எவ்வளவு நாளைக்குன்னு மட்டும் கேக்காதீங்க” என்றார் பேட்டரிக்காரர்.

மூடி ஒட்டி, வண்டியில் மாட்டி, அட்டையைக் காட்டியபோது நாலு கதவிலும் கைப்பிடி வெளியே வந்தது. சீட்டுக்காரம்மா மெஷினை விட்டு எழுந்து வந்து பார்த்தார். ரிவர்ஸ் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் திரை வெளிச்சமாகியது, சீட்டு தானாக முன்னால் நகர ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியாமல் ஸ்டியரிங்கில் வயிறு அழுந்த உட்கார்ந்திருந்தார். இதற்கு முன் வண்டியை வைத்திருந்தவர் குட்டையானவர் போலிருக்கிறது. அவர் உட்காரும் இடத்தை வண்டி இன்னும் மறக்கவில்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பல மாதமாக அந்தச் சிரிப்பை ரிவர்ஸ் கேட்கவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்தது.

பெரிய பேட்டரியில் பாதிக்கு மேல் இருக்கிறது என்று திரை காட்டியது. அதற்குக் கீழே சிவப்பில் வரிசையாக எழுத்து. பிரேக்கை மிதித்து, கியரைத் தள்ளினார். நகரவில்லை. இந்த வண்டியை இயக்க முடியாது, சேவை மையத்தை அணுகவும் என்று வந்தது. மறுபடி செய்தார். மறுபடி அதே.

பேட்டரிக்காரர் வீடியோக்களையெல்லாம் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். வண்டி மோதிய நொடியில், ஷாக் அடிக்காமல் இருப்பதற்காகப் பெரிய பேட்டரியின் இணைப்பு தானாக வெடித்து அறுந்துவிடும். அதை மாற்றினாலும், கம்பெனிக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து பூட்டை எடுத்தால்தான் வண்டி ஒத்துக்கொள்ளும். “இது என் கையில இல்லண்ணே. சின்னதை எழுப்பிட்டேன். பெருசுகிட்ட நான் போகவே கூடாது, கைய வெச்சா ஆள் மிஞ்ச மாட்டேன்” என்றார். ரிவர்ஸ் மறுபடி ஷோரூமுக்குப் போனார். அந்தப் பெண் விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் இருந்த பையன் உட்காரச் சொல்லவில்லை.

இதற்கிடையில், அட்டைக்குக் கைப்பிடி வெளியே வந்த அன்று சாயங்காலமே சீட்டுக்காரம்மா அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறியிருந்தார். ஓடட்டும், அப்புறம் தைத்துக்கொள்ளலாம் என்று அதுவரை சொல்லிவந்தவர். கிழிந்துபோன பழைய உறையைக் கழற்றிவிட்டு, மீந்த துணிகளில் நல்லதாகப் பார்த்து, கருநீலத்தில் புது உறை தைத்துப் போட்டார். தையல் ஒரு நூல் விலகவில்லை. ஓடாது என்று தெரிந்தபோது உறை பாதி முடிந்திருந்தது. மீதிப் பாதியையும் தைத்து முடித்தார்.

அதற்கப்புறம் ரிவர்ஸின் பிழைப்பு அந்தக் கொட்டகையாகவே ஆகிவிட்டது. வண்டி சும்மா நின்றாலும் சின்ன பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஓடுகிற வண்டியாக இருந்தால் பெரியது அவ்வப்போது சின்னதுக்கு ஊட்டிவிடும். இங்கே அந்த வழி அறுந்துபோயிற்று. ஆகவே ரிவர்ஸ்தான் சார்ஜரை மாட்ட வேண்டும். முதலில் வாரம் ஒரு முறை மாட்டினால் போதுமாக இருந்தது. அப்புறம் இரண்டு முறை. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். நாலாவது செல் தளர்ந்துகொண்டே வருகிறது என்று பேட்டரிக்காரர் சொன்னார். எதற்காக இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று தெருவில் ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். அணைந்துபோனால் அப்புறம் எழுப்ப முடியாமல் போய்விடும், யாராவது பூட்டை எடுக்கத் தெரிந்தவர் வரும்போது வண்டி முழித்திருக்க வேண்டும் இல்லையா என்பார். மச்சினனும் அப்படி ஓர் ஆள் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு கிடங்கு வேலையை விட்டு வேறு ஊருக்குப் போனான். போன் செய்தால் கூட்டத்தில் இருக்கிறேன் மாமா என்பான். எந்தக் கூட்டம் என்று இவர் கேட்டதில்லை.

ஒரு வார விடுமுறை நாளில் அது நடந்தது. தெருவில் எல்லா ஷட்டரும் இறக்கிக் கிடந்தன. மத்தியானம் ரிவர்ஸ் கொட்டகையைத் திறந்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்காக உள்ளே ஏறி உட்கார்ந்தார். போன் வெளியே ஃபோம் மேல் இருந்தது. வெளியே அனல் என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு குளிர்காற்றைப் போட்டுப் பார்த்தார். குளிர்ச்சி வராது, வெறும் காற்றுதான் வரும். அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. திரை மங்கியது. ஒரு முறை பளிச்சென்று வந்து, அப்புறம் கறுத்துவிட்டது.

கதவுப் பொத்தானை அழுத்தினார். செத்துக் கிடந்தது. கண்ணாடியும் இறங்கவில்லை. கரண்ட் இல்லாதபோது திறப்பதற்கென்று கதவுக்குள் ஒரு பிடி உண்டு என்பது அவருக்குத் தெரியும். இழுத்தார். பிடி கையோடு வந்தது. வேறு வண்டியிலிருந்து கொண்டுவந்த அந்த வெள்ளைக் கதவில் மச்சினனின் ஆட்கள் பிடியை எதனோடும் இணைக்கவே இல்லை. தாவி அந்தப் பக்கம் போய் எதிர்க் கதவின் பிடியை இழுத்தார். அது ஒழுங்காகத் திறந்தது, நாலு விரல் அகலத்துக்குத் திறந்து சுவரில் இடித்து நின்றது. பின்கதவுகளில் அந்தப் பிடியே கிடையாது. ஒர்க்‌ஷாப் தெருவில் ஸ்பானருக்குப் பஞ்சமில்லை. வண்டிக்குள் ஒரு ஆணி இல்லை. குதிகாலால் கண்ணாடியை உதைத்துப் பார்த்தார். கால்தான் வலித்தது.

சுவரோரம் இருந்த அந்த நாலு விரல் இடைவெளியில் வாயை வைத்துக் கூப்பிட்டார். தெருவில் யாரும் இல்லை. தகரக் கூரை கனன்றது. சட்டையைக் கழற்றினார். பனியனைக் கழற்றினார். கருநீல உறை முதுகில் ஒட்டியது. உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழேயே பல நூறு மைல் ஓடுவதற்கான கரண்ட் இருக்கிறது, ஒரு கண்ணாடியை இறக்க அதிலிருந்து ஒரு சொட்டு வராது என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வந்தது. முதலில் ஆத்திரமாக வந்தது. பிறகு ஆத்திரம்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை பேரை எங்கெங்கோ கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறோம் என்று யோசித்தார். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்.

சாப்பிட வரவில்லையே என்று மனைவி தேடி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகத்தைப் பார்த்ததும் கதவை இழுக்கப் பார்த்தார், கைப்பிடி உள்ளே அமுங்கிக் கிடந்தது. முன்பக்க மூடிமேல் ஏறி, சுவர்ப் பக்கத்து இடைவெளியில் மேலிருந்து கையை நுழைத்து அவர் நெற்றியைத் தொட்டார். தொட்ட கையை எடுத்ததும் கடைக்குள் ஓடிப்போய், சீட்டுச் சட்டத்தை நிமிர்த்துகிற சுத்தியலோடு வந்தார்.

உள்ளே இருந்தவர் கையை ஆட்டினார். “உடைக்காத. பேட்டரிக்காரர கூப்பிடு.”

“அவரு வீடு ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு.”

“வரட்டும். நான் இருப்பேன். இந்தக் கண்ணாடி போனா வேற கிடைக்காது.”

“நீங்க போனா?” என்றார் மனைவி.

பதிலுக்காக அவர் நிற்கவில்லை. பின்பக்கக் கதவின் கண்ணாடியில், மூலையாகப் பார்த்து, இரண்டு அடி அடித்தார். இரண்டாவது அடியில் கண்ணாடி முழுக்கக் கற்கண்டு மாதிரி உதிர்ந்து அவர் தைத்த சீட்டில் கொட்டியது. அதன்மேல் ஃபோமைப் போட்டு, கணவரின் இரண்டு கையையும் பிடித்து வெளியே இழுத்தார். தரையில் உட்கார வைத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். திட்டவில்லை. அழவும் இல்லை. முழங்கையில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டே, “வித்துடலாங்க” என்றார்.

ரிவர்ஸ் சரி என்று சொல்ல இன்னும் பல நாள் ஆயிற்று. அந்த நாட்களில் அவர் கொட்டகைப் பக்கமே போகவில்லை. போகாமல் இருந்ததால்தான் சரி என்று சொல்ல முடிந்ததோ என்னவோ.

பழைய மின்சார வண்டிகளின் பெரிய பேட்டரியை எடுத்து, கரண்ட் போகிற வீடுகளுக்கும் கடைகளுக்கும் மாட்டிக் கொடுக்கிறவர் ஒருவர் வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டார். மோட்டாரும் வேண்டும், மற்றதெல்லாம் உடைசலுக்கு என்றார். ஒரு காலையில் லாரி வந்தது. லாரிக்காரர் வண்டியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். சக்கரம் பூட்டியிருக்கிறது, உருளைப் பலகை தன்னிடம் இல்லை, அப்படியே இழுத்தால் மோட்டார் போய்விடும், மோட்டார் போனால் வாங்குகிறவர் வேண்டாம் என்றுவிடுவார் என்றார். பிரேக்கை எடுக்க வேண்டுமென்றால் வண்டி முழித்துக்கொள்ள வேண்டும். ஒரேயடியாகக் கொண்டுபோவதற்கும் சின்ன பேட்டரியை எழுப்பியாக வேண்டும்.

பேட்டரிக்காரர் வந்தார். பிரித்துப் பார்த்தார். நாலாவது செல் உப்பிக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு, கை டிரில் ஒன்றிலிருந்து உருவிய பழைய செல்களைச் சேர்த்துக் கட்டினார். அளவு ஒத்துப்போகாத செல், இப்படி வைத்துக்கொண்டு யாரும் ஓட்டக் கூடாது, ஆனால் ஏற்றி இறக்கும் வரை தாங்கும் என்றார். ரிவர்ஸ் மறுபடி அந்தச் சிமெண்டுத் தரையில் குந்தி, புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். லாரிக்காரர் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார், இன்னொரு டீயும் குடித்துவிட்டு வந்தார். அன்றைக்கு அது அடம்பிடிக்காமல் ஏறியது.

திரை எரிந்தது. இழுத்துச் செல்வதற்கென்று இருக்கும் நிலையை எங்கே தேடுவதென்று ரிவர்ஸுக்குத் தெரியும். இத்தனை மாதம் அந்தத் திரையைப் பார்த்ததில் மனப்பாடம் ஆகியிருந்தது. அழுத்தினார். நாலு சக்கரத்திலும் பிடி விடுகிற சத்தம் கேட்டது. கொட்டகை வாசல் குறுகல், லாரியை நேராக நிறுத்தவும் தெருவில் இடமில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒருத்தர் உள்ளே இருந்தாக வேண்டும் என்றார் லாரிக்காரர். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணாடி இல்லாத பின்கதவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

ரிவர்ஸ் உட்கார்ந்தார். லாரியின் இரும்புக் கயிறு விறைத்தது. வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. கொட்டகை வாசல் கம்பத்தை ஒரு விரல் அளவில் விட்டு வெளியே எடுத்தார், சாக்கடை மூடியின் மேல் ஏற்றாமல் ஒடித்தார், தெருவின் நடுவே நிமிர்த்தி, சரிந்து கிடந்த லாரிப் பலகையின் மேல் இரண்டு சக்கரத்தையும் ஒரே சமயத்தில் ஏற்றினார். கொட்டகையிலிருந்து லாரி வரை இருபதடி இருக்கும். அந்த வண்டியில் அவர் ஓட்டியது அவ்வளவுதான்.

“போதும், இறங்குங்கண்ணே” என்றார் லாரிக்காரர். சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுக்கொண்டே, “டிரைவரா இருக்கீங்களா?” என்று கேட்டார்.

ரிவர்ஸ் இறங்கிக் கதவைச் சாத்தினார்.

“ஆமா. டிரைவர்தான்” என்றார் மனைவி.

வண்டியை எப்படி அணைப்பது என்று லாரிக்காரருக்குத் தெரியவில்லை. ரிவர்ஸும் சொல்லவில்லை. பட்டப்பகலில் முன்விளக்கு எரிய, லாரியின் முதுகில் ஏறி அது தெருமுனையைத் திரும்பியது. பேட்டரிக்காரர் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

இப்போது ரிவர்ஸ் மனைவியின் கடையில் பழைய உறைகளின் தையலைப் பிரித்துக் கொடுக்கிறார். குனிந்து உட்கார்ந்து செய்கிற வேலை. அவருக்குக் கை வரவில்லை. அவசரப்பட்டு ஒரு முறை வாடிக்கையாளரின் நல்ல தோலையே கிழித்துவிட்டார். மனைவி அதை மடித்துத் தைத்துச் சமாளித்தார். வாசலில் வந்து நிற்கிற வண்டிகளை அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கொட்டகையில் வண்டி நின்ற இடம் காலியாகத்தான் கிடக்கிறது. மீதி ஃபோமை எடுத்து அங்கே அடுக்கலாமே, கடையில் கால் வைக்க இடமில்லையே என்று மனைவி பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார்.

“அடுக்கலாம்” என்று அவரும் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். இன்னும் அடுக்கவில்லை.